சவானாவில் ஒரு வீடும் அதன் பெயரும்

பெயர்ப்பலகையைப் படித்துவிட்டே உள்ளே நுழைவது பத்திரிகைக்காரனின் பழக்கம். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில், சவானா நகரின் ஓகிள்தோர்ப் சதுக்கத்தருகே நிற்கும் நூதனசாலையின் வாயிலிலும் அப்படியே நின்றேன். ‘ஓவன்ஸ்-தோமஸ் இல்லமும் அடிமைகளின் குடியிருப்பும்’ என்பது அதன் பெயர். பின்பாதி 2018 இல்தான் சேர்க்கப்பட்டது.

இங்கிலாந்திலிருந்து வந்த வில்லியம் ஜே என்ற இளம் கட்டடக் கலைஞரின் கைவண்ணம் இது. 1819 இல் கட்டி முடிக்கப்பட்டது. கட்டுவித்தவர் ரிச்சட் ரிச்சட்சன். வங்கியாளர், அடிமை வியாபாரியுங்கூட. மேல்மாடியின் முன்புறத்தையும் பின்புறத்தையும் இணைக்க வீட்டுக்குள்ளேயே ஒரு பாலம் அமைத்திருக்கிறார்கள். மழைநீரைத் தொட்டிகளில் தேக்கிக் குழாய்வழியே குளியலறைக்கும் மலசலகூடத்துக்கும் கொண்டு சென்றது அக்காலத்தில் பெரும் புதுமை. 1825 இல் பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத் இங்கே தங்கினார். 1830 இல் வீட்டை வாங்கியவர் ஜோர்ஜ் ஓவன்ஸ் என்ற சட்டத்தரணி. அவருடைய பேத்தி மார்கரட் தோமஸ் 1951 இல் அதனை டெல்ஃபெயர் நூதனசாலைக்கு விட்டுச் சென்றார். 1954 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பாலத்தையும் படிக்கட்டையும் வியக்க வந்தவர்களுக்குக் குறைவிருக்கவில்லை.

என்னை அதிகநேரம் நிறுத்தி வைத்தது பின்முற்றத்துக்கு அப்பாலுள்ள வண்டிக்கொட்டில். அதன் ஒரு பாதியில்தான் அடிமைகள் வாழ்ந்தார்கள். 1990களில் நடந்த புனரமைப்பின்போது அங்கே கூரையின் உட்புறத்தில் பழைய நீலப்பூச்சு வெளிப்பட்டது. ‘ஹெய்ன்ட் நீலம்’ என்பார்கள். அவுரியையும் சுண்ணாம்பையும் மோரையும் கலந்து பூசியது. ஆவிகள் நீரைக் கடக்கமாட்டா, நீலத்தை நீரென எண்ணி விலகிவிடும் என்பது அக்கரையோரக் கறுப்பின மக்களின் நம்பிக்கை. எஜமானின் வீட்டுக்கு வெளிநாட்டுக் கலைஞர் வந்தார். இந்தக் கூரைக்கு வண்ணம் தெரிந்தவர்கள் அதன்கீழ் உறங்கியவர்களே.

ஓகிள்தோர்ப் 1733 இல் நிறுவிய ஜோர்ஜியாவில் 1751 வரை அடிமைமுறைக்குத் தடை இருந்தது. அதை நினைத்தபடியே அண்ணாந்து நின்றேன். புனரமைப்பு என்றால் உடைந்ததைச் சீர்செய்வது என்றுதான் இத்தனை காலமும் செய்திகளில் எழுதிவந்தேன். எதைச் சீர்செய்வது என்று தீர்மானித்தவர் யார் என நான் கேட்டு எழுதியதில்லை.

நீலம் ஆங்காங்கே உதிர்ந்து மரப்பலகை தெரிகிறது. அதன்மேல் புதுப்பூச்சு பூசாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.