துருத்தியில் பறந்த விமானம்

போன வாரம் நைட் டியூட்டி. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு அம்மாவை ரெண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிட்டு வந்தாங்க. "சார், கட்டில் சுத்துது, வீடு சுத்துது, கண்ணைத் திறக்க முடியலை."

கூட வந்தவர் வழக்கம்போல, "ஒரு குளுக்கோஸ் பாட்டில் போட்டு விடுங்க சார்." பிரஷர் நார்மல். சுகர் நார்மல். கோளாறு காதில். தலையை முறைப்படி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி வைத்து, எழுப்பி உட்கார வைத்தேன். சுத்தின வீடு நின்றுவிட்டது.

அதே ராத்திரி போனில் ஒரு வீடியோ. என் சித்தி மகன், இன்ஜினியரிங் படிக்கிறான். மொட்டை மாடி ரூமில் ஒரு சீட் செய்திருக்கிறான். கார் ரேஸ் கேம் ஆடும்போது சீட்டும் சேர்ந்து சாயும். ரெண்டு வைப்பர் மோட்டார், ஒரு ஆர்டுயினோ போர்டு, பழைய கார் சீட். "அண்ணா, உட்கார்ந்த பசங்கள்ல ரெண்டு பேர் வாந்தி எடுத்துட்டானுங்க. ஏன்?"

ரெண்டு கேஸுக்கும் வேர் ஒன்றுதான். அது நூறு வருஷத்துக் கதை. பெரிய பதிவு மக்களே, பொறுமையா படிங்க.

நம் உள்காதில் பக்கத்துக்கு மூணு அரைவட்டக் குழாய்கள். உள்ளே திரவம். தலை திரும்பினால் திரவம் ஒரு நொடி பின்தங்கும், மூளை "திரும்புறோம்" என்று புரிந்துகொள்ளும். ஆனால் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் திரவமும் கூடவே சுற்ற ஆரம்பித்துவிடும். அப்போது காது "நின்னுட்டோம்" என்று ரிப்போர்ட் அனுப்பும். நிஜமாகவே நின்றால், "எதிர்ப்பக்கம் சுத்துறோம்" என்று அனுப்பும். சின்ன வயசில் தட்டாமாலை சுற்றி நின்றதும் தரை சுற்றியதே, அதுதான் இது.

இதை ஒழுங்காகப் படித்தவர் வியன்னா டாக்டர் ராபர்ட் பாரனி. பேஷண்ட் காதை ஜில் தண்ணியில் கழுவினால் கண் ஒரு பக்கம் துடிக்கிறது, சூட்டுத் தண்ணி என்றால் மறுபக்கம் துடிக்கிறது என்பதைக் கவனித்துப் பிடித்தார். 1914க்கான நோபல் பரிசு அவருக்கு. செய்தி வந்தபோது மனுஷன் ரஷ்யாவில் போர்க் கைதி! சுழல் நாற்காலிக்கு இன்றும் அவர் பெயர்தான். முதல் வருஷ ஃபிசியாலஜி லேபில் எங்களை உட்கார வைத்துச் சுற்றியது அந்த நாற்காலிதான்.

1926, சான்பிரான்சிஸ்கோ. டேவிட் மையர்ஸ் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர், வில்லியம் ஆக்கர் என்ற அனுபவம் மிகுந்த பைலட்டை அதே நாற்காலியில் கண்ணை மூடி உட்கார வைத்து மெதுவாகச் சுற்றினார். எந்தப் பக்கம் சுற்றுகிறோம் என்று ஆக்கரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. நாற்காலி வேகம் குறைந்தால் "இப்போ எதிர்ப்பக்கம்" என்கிறார். பத்து வருஷத்துக்கு மேல் விமானம் ஓட்டிய ஆளுக்கு இது பெரிய அடி.

கோபித்துக்கொண்டு போகாமல் அவர் ஒரு பெட்டி செய்து கொண்டுவந்தார். உள்ளே கைரோவில் இயங்கும் திருப்பம் காட்டும் கருவி. பெட்டிக்குள் அதைப் பார்த்தபடியே நாற்காலியில் சுற்றினார். இந்த முறை எல்லா பதிலும் சரி.

அதாவது, மேகத்துக்குள் போனால் உடம்பை நம்பாதே, முள்ளை நம்பு. ஒரு டாக்டரும் பைலட்டும் சேர்ந்து நிரூபித்தாயிற்று. ஆனால் இதை ஆயிரக்கணக்கான பைலட்டுகளுக்குத் தரையிலேயே எப்படிப் பழக்குவது?

பதில் வேறொரு ஊரில், வேறொரு காரணத்துக்காக உருவாகிக்கொண்டிருந்தது. நியூயார்க் மாநிலம் பிங்காம்டன். எட்வின் லிங்க் என்ற இளைஞர். அப்பாவுக்குப் பியானோ, ஆர்கன் செய்யும் தொழிற்சாலை. (ஆர்கன் என்றால் நம்ம ஆர்மோனியத்துக்குப் பெரியப்பா மாதிரி, துருத்திக் காற்றில் பாடுவது.) லிங்குக்குப் பறக்கும் பைத்தியம், ஆனால் பயிற்சிக்கு ஆகும் காசு எக்கச்சக்கம். "தரையிலேயே கத்துக்க முடியாதா?" என்று தொழிற்சாலையின் அடித்தளத்தில் உட்கார்ந்து சுமார் ஒன்றரை வருஷம் வேலை பார்த்தார்.

கையில் இருந்தது ஆர்கன் சாமான்தான். குட்டையான விமான உடம்பு, அதற்கு அடியில் துருத்திகள், காற்றை உறிஞ்ச ஒரு மின்சார பம்பு. கைப்பிடியை அசைத்தால் வால்வு திறக்கும், ஒரு துருத்தி சுருங்கும், எதிர்த் துருத்தி விரியும், பெட்டி சாயும். 1929ல் தயார்.

பைலட் பள்ளிகள் பெரிதாகச் சீந்தவில்லை. வாங்கியது பொழுதுபோக்குப் பூங்காக்கள்! காப்புரிமையின் தலைப்பிலேயே பயிற்சிக் கருவி என்பதோடு பொழுதுபோக்குச் சாதனம் என்றும் எழுதியிருந்தார். நம்மூர் ராட்டினம் மாதிரி சில வருஷம் ஓடியது. இடையில் பெட்டிக்குள் மீட்டர்களைப் பொருத்தி, கண்ணாடியை மூடி, குருட்டுப் பறத்தலையும் பழக்கினார்.

1934 பிப்ரவரி. அமெரிக்க அரசு தனியார் கம்பெனிகளிடமிருந்து விமானத் தபாலைப் பிடுங்கி ராணுவத்திடம் கொடுத்தது. கடும் குளிர், பனி, இருட்டு. முள்ளைப் பார்த்து ஓட்டப் பழகாத இளம் பைலட்டுகள். சில வாரங்களில் 12 பேர் செத்துப்போனார்கள்.

மையர்ஸ் நாற்காலியைச் சுற்றிக் காட்டி எட்டு வருஷம். லிங்க் பெட்டி தயாராகி ஐந்து வருஷம். ரெண்டும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. இதை எழுதும்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அப்புறம்தான் ராணுவம் லிங்கைக் கூப்பிட்டது. நுவார்க் விமான நிலையம், ஒரே மூடுபனி. இந்தப் பனியில் ஆள் வரமாட்டார் என்று அதிகாரிகள் கிளம்பத் தயாரானபோது, லிங்க் தானே ஓட்டிவந்து இறங்கினார். டெமோ அங்கேயே முடிந்தது. ஒன்று 3,500 டாலர் விலையில் ஆறு பெட்டிகள் ஆர்டர். இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் சுமார் 10,000 பெட்டிகள், 5 லட்சத்துக்கும் மேற்பட்ட விமானிகள்.

போருக்குப் பின் துருத்தி போய் ஹைட்ராலிக் கால்கள் வந்தன. இன்று விமானப் பயிற்சி மையங்களில் நீங்கள் பார்க்கும் ஆறுகால் மேடைக்கு முன்னோடி, 1950களில் டன்லப்பில் எரிக் காஃப் டயர் சோதிக்கச் செய்த எந்திரம். 2005ல் இத்தாலியின் இவ்ரேயாவில் ஆர்டுயினோ பிறந்தது, அந்த வேலையின் சின்ன வடிவம் மொட்டை மாடிக்கே வந்துவிட்டது.

இப்போ தம்பி கேள்விக்கு வருவோம். கேம், "இவ்வளவு சாய்" என்று போர்டுக்கு எண் அனுப்பும். மோட்டார் தண்டில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர், "இப்போ இவ்வளவுதான் சாய்ந்திருக்கு" என்று சொல்லும். வித்தியாசத்தைப் பார்த்து போர்டு மோட்டாரைத் தள்ளும். தள்ளும் அளவை அதிகமாக வைத்தால் சீட் இலக்கைத் தாண்டி, திரும்பி, மறுபடி தாண்டி, நடுங்கும். சிறுமூளை பாதித்தவரை "மூக்கைத் தொடுங்க" என்றால் விரல் எப்படித் தாண்டித் தாண்டித் தவிக்குமோ, அச்சு அசல் அதேதான்! வீடியோவில் அவன் சீட் அப்படித்தான் ஆடியது.

இன்னொன்று. கார் வேகமெடுக்கும் உணர்வைத் தர, சீட்டைப் பின்னால் சாய்த்து ஏமாற்றுவார்கள். சாய்வையும் வேகமெடுப்பதையும் காதால் பிரிக்கத் தெரியாது. ஆனால் நொடிக்கு ரெண்டு மூணு டிகிரிக்குள் மெதுவாகச் சாய்க்க வேண்டும். படக்கென்று சாய்த்தால் அரைவட்டக் குழாய் கண்டுபிடித்துவிடும். கண் ஒன்று சொல்ல, காது வேறு சொல்ல, மூளை குழம்பும். வயிறு பதில் சொல்லும். உள்காது வேலை செய்யாதவர்களுக்கு இந்தப் பயண வாந்தியே வராது.

தம்பியிடம் சொன்னேன். தள்ளும் அளவைக் குறைத்துவிட்டான். மோட்டார் கரண்டை மொத்தமாக வெட்டும் சிவப்பு சுவிட்சும் கை எட்டும் இடத்தில் வைக்கச் சொல்லி அடம்பிடித்தேன். வைப்பர் மோட்டாரின் கியருக்கு விரலும் கம்பியும் ஒன்றுதான், கேஷுவாலிட்டியில் நசுங்கிய விரல்களை நிறையத் தைத்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு டெஸ்ட் டிரைவாம். சித்தி இட்லிக்கு மாவு ஆட்டி வைத்திருக்கிறாங்களாம். ஓட்டி முடித்து இறங்கின பிறகுதான் சாப்பிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.