வண்டலூர் ஜூவுக்குக் குடும்பத்தோட கிளம்புறீங்களா? டிக்கெட் எடுக்கும் முன்னாடி இதைப் படிங்க

லீவு விட்டாச்சு. "ஜூவுக்குப் போலாம்பா"ன்னு வீட்டில் ஒரு குரலும் கிளம்பியாச்சு. சென்னைக்காரர்களுக்கு ஜூ என்றால் அது வண்டலூர்தான். ஆனால் போய்விட்டு வந்தவர்களைக் கேட்டால் பலரும் சொல்வது இதுதான்: "நடந்து நடந்து கால் போச்சு, வெயில் தாங்கல, புலி முதுகைக் காட்டிட்டுப் படுத்திருந்துச்சு."

இந்த மூன்று புலம்பலுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். வீட்டை விட்டுக் கிளம்பிய நேரம்!

காலை 9 மணிக்கே ஏன் நிற்கணும்?

அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா சுமார் 602 ஹெக்டேர், அதாவது கிட்டத்தட்ட 1,490 ஏக்கர் பரப்பில் இருக்கிறது. இந்தியாவின் மிகப்பெரிய உயிரியல் பூங்காக்களில் ஒன்று. வண்டலூர் காப்புக்காட்டுப் பகுதியில் அமைக்கப்பட்டு 1985ல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம், பார்க் டவுனில்தான் ஜூ இருந்தது. வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்க, "உயிர்க் காலேஜ்" என்பார்கள். எழும்பூர் மியூசியம் அவர்களுக்கு "செத்த காலேஜ்"! அந்த ஜூவை அரை நாளில் பார்த்து முடித்துவிடலாம். வண்டலூர் கதை வேறு. இங்கே முழுதாகச் சுற்ற நினைத்தால் பல கிலோமீட்டர் நடக்கணும்.

விலங்குகளுக்கும் வெயில் ஆகாது. சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரை ஓய்வெடுக்கும் விலங்கு. நண்பகலில் போனால் அது நிழலில் சுருண்டு படுத்திருப்பதைத்தான் பார்க்க முடியும். காலையில் கூட்டைத் திறந்து வெளியே விட்டதும் இருக்கும் சுறுசுறுப்பு, அப்புறம் சாயங்காலம் உள்ளே போகும் நேரத்தில்தான் திரும்ப வரும். எனவே 9 மணிக்குக் கதவு திறக்கும்போதே வாசலில் இருப்பவர்களுக்குத்தான் நல்ல காட்சி கிடைக்கும். 11 மணிக்கு வந்து இறங்குபவர்கள் கூட்டத்தையும் வெயிலையும்தான் அதிகம் பார்ப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை விடுமுறை. இதை மறந்துவிட்டுக் குழந்தைகளோடு வந்து பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பண்டிகை, கோடை விடுமுறைக் காலத்தில் சில செவ்வாய்களில் திறப்பதும் உண்டு. அது முன்கூட்டியே அறிவிக்கப்படும். காணும் பொங்கல் அன்று மட்டும் போவதா வேண்டாமா என்று நன்றாக யோசிங்க. அன்றைக்கு விலங்குகளைவிட மனிதத் தலைகள்தான் அதிகம் தெரியும்.

எவ்வளவு செலவாகும்?

நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 200 ரூபாய். முன்பு 115 ஆக இருந்தது. 5 வயது முதல் 17 வயது வரை 50 ரூபாய், அதற்குக் கீழே இலவசம். அப்பா, அம்மா, பாட்டி, எட்டு வயதுப் பெண், நான்கு வயதுப் பையன் என்று ஐந்து பேர் போனால் நுழைவுக்கு மட்டும் 650 ரூபாய். பேட்டரி வண்டியும் சஃபாரியும் தனிக் கட்டணம், ஆளுக்குத் தலா 150 ரூபாய். எல்லாருக்கும் எல்லாமே எடுத்தால் பில் எகிறிவிடும். கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால் கிளம்பும் முன் பூங்காவின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அங்கேயே டிக்கெட்டும் எடுத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்கும் வேலை மிச்சம்.

பணத்தை எதில் போடுவது? முட்டி வலிக்கும் பாட்டி உடன் வந்தால் யோசிக்காமல் பேட்டரி வண்டிதான். "நான் நடந்துடுவேன்"னு பாட்டி சொல்வார், நம்பாதீங்க. பாதி வழியில் உட்கார்ந்துவிட்டால் மொத்தக் குடும்பத்தின் நாளும் அங்கேயே நின்றுவிடும். பாட்டியோடு சின்னவனையும் வண்டியில் அனுப்பிவிட்டு மற்றவர்கள் நடக்கலாம். பிரியும் முன் எங்கே, எத்தனை மணிக்குச் சேர்வது என்று பேசி வைத்துக்கொள்ளணும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு வாடகை சைக்கிளும் கிடைக்கிறது.

சஃபாரி என்பது மூடிய வண்டியில் சிங்கம் இருக்கும் காட்டுப் பகுதிக்குள் ஒரு சுற்று. சிங்கம் கண்ணில் படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2025 அக்டோபரில் சஃபாரிக்குள் விடப்பட்ட ஒரு இளம் சிங்கம் இரவு கூட்டுக்குத் திரும்பாமல், ஊழியர்கள் தேடித் தேடி, ஓரிரு நாள் கழித்து அதுவாகவே திரும்பி வந்தது. அங்கே புதர் அவ்வளவு அடர்த்தி. இதைக் குழந்தையிடம் முன்பே சொல்லி வைத்தால் ஏமாற்ற அழுகை குறையும்.

எதைப் பார்ப்பது, எதை விடுவது?

எல்லாவற்றையும் பார்த்தே தீரணும் என்று கிளம்பினால் எதையுமே ஒழுங்காகப் பார்க்க முடியாது. குழந்தைகளிடம் ஆளுக்கு இரண்டு விலங்கு என்று கேட்டு, வாசலில் இருக்கும் வரைபடத்தைப் பார்த்து வழியைத் தீர்மானிக்கலாம். புலி, சிங்கம், கரடி போன்றவற்றைக் காலையிலேயே முடித்துவிட்டு, வெயில் ஏறியதும் நிழலான இடங்களுக்கு நகர்வது புத்திசாலித்தனம். இரவு விலங்குகள் இல்லம், பாம்புகள் பகுதி எல்லாம் நண்பகலுக்குச் சரி. நீர்யானைக்கு நேரம் காலம் கிடையாது, தண்ணீரில் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு எப்போதும் இருக்கும்.

அதிகக் கூட்டம் நிற்பது வெள்ளைப் புலி முன்னால்தான். "இது வேற ஜாதிப் புலியா?"ன்னு குழந்தை கேட்கும். இல்லை. வங்கப் புலியேதான். தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் ஒரு குறிப்பிட்ட மரபணு சேர்ந்து வந்தால் மட்டுமே வெள்ளையாகப் பிறக்கும். இந்தியாவில் பூங்காக்களில் இருக்கும் வெள்ளைப் புலிகளின் கதை, 1951ல் ரேவா மகாராஜா பிடித்த மோகன் என்ற குட்டியிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் உண்மையில் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்க வேண்டிய இடம் சிங்கவால் குரங்கு முன்னால். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறு எந்தக் காட்டிலும் அது கிடையாது. கூட்டமும் அங்கே குறைவு.

தடுப்பு மேல் குழந்தையை உட்கார வைக்காதீங்க

இங்கே பெரிய விலங்குகள் பலவும் கம்பிக் கூண்டில் இல்லை, அகழிக்கு அந்தப் பக்கம் திறந்த வெளியில் இருக்கின்றன. பார்க்க அழகு. அதனாலேயே சிலர் செல்ஃபிக்காகக் குழந்தையைத் தடுப்புச் சுவரில் ஏற்றி நிறுத்துகிறார்கள். 2014 செப்டம்பரில் டெல்லி உயிரியல் பூங்காவில் வெள்ளைப் புலி இருந்த அகழிக்குள் விழுந்த இளைஞர், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உயிரிழந்தார். மேலிருந்தவர்களால் எதுவும் செய்ய முடியவில்லை.

விலங்குக்குத் தீனி போடுவது, கல் எறிவது, கத்திச் சீண்டுவது எல்லாமே வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "ஒரே ஒரு பிஸ்கட்தானே" என்று நினைக்கலாம். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் பேர் அப்படி நினைப்பார்கள்? பிளாஸ்டிக் பைக்கும் தடை இருக்கிறது. மான் வயிற்றுக்குள் போன பிளாஸ்டிக் வெளியே வராது. சாப்பாட்டை எவர்சில்வர் டப்பாவில் கட்டுங்க, தண்ணீருக்கும் எவர்சில்வர் பாட்டில்.

கூட்ட நாளில் சின்னக் குழந்தையின் கையில் அம்மா அல்லது அப்பாவின் செல் நம்பரைப் பேனாவால் எழுதி விடுங்க. தொப்பி, குடை, ஓஆர்எஸ் பாக்கெட் பையில் இருக்கட்டும். காலுக்குப் பழகிய செருப்புதான். புது ஷூவைப் போட்டுக்கொண்டு வரும் பிள்ளைதான் முதலில் "தூக்கு"ன்னு கை நீட்டும்.

எப்படிப் போவது?

காரில்தான் போகணும் என்றில்லை. கடற்கரை - செங்கல்பட்டு மின்சார ரயிலில் தாம்பரம், பெருங்களத்தூர் தாண்டினால் வண்டலூர். ஸ்டேஷனில் இருந்து பூங்கா பக்கம்தான். ஒரே ஒரு விஷயம், பல ரயில்கள் தாம்பரத்தோடு நின்றுவிடும், செங்கல்பட்டு வண்டியா என்று பார்த்து ஏறணும். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு இன்னும் வசதி. 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் ஜிஎஸ்டி சாலையில் கொஞ்ச தூரம்தான்.

காரில் போகிறவர்கள் திரும்பும் நேரத்தைக் கவனிக்கணும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தென்மாவட்டங்களிலிருந்து திரும்பும் வண்டிகள் எல்லாம் பெருங்களத்தூர், தாம்பரத்தில் வந்து முட்டும். மதியம் 3 மணிக்கெல்லாம் வெளியே வந்துவிட்டால், குழந்தை பின் சீட்டில் தூங்கி முடிப்பதற்குள் வீடு வந்துவிடும்.