கருவின் இதயமும் இரத்த ஓட்டமும்: திறந்திருக்க வேண்டிய வழிகள்

1. எடுத்துக்கொண்ட பொருள்

இதயத்தில் ஓட்டை என்று கேட்டதும் பெற்றோர் இடிந்துபோகிறார்கள். பிறப்பதற்கு முன்போ எல்லாக் குழந்தைகளின் இதயத்திலும் ஒரு துளை உண்டு; அது இல்லாவிட்டால்தான் ஆபத்து. கருவின் இதயத்தை வளர்ந்து முடியாத சிறிய இதயமாகக் கருதும் வழக்கம் பொருந்தாது. நுரையீரல் மூச்சு விடாத உடலுக்கென்றே அமைந்த, தன்னளவில் நிறைவான உறுப்பு அது.

2. குழாய் அறைகளாதல்

கருவுற்ற 22ஆம் நாளை ஒட்டி இதயம் துடிக்கத் தொடங்குகிறது. தாய்க்கு மாதவிடாய் தள்ளிப்போய் ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். கருவின் நீளம் சில மில்லிமீட்டர். இரு மெல்லிய குழாய்கள் இணைந்து ஒன்றானதே அப்போதைய இதயம். நரம்புகள் வந்து சேரும் முன்பே அதன் தசை தானாகச் சுருங்குகிறது. குழாய் நீள நீள வலப்பக்கமாக வளைந்து மடிகிறது. கீழ்முனையில் இருந்த மேலறைப் பகுதி அப்படித்தான் பின்புறமாக மேலேறுகிறது.

8ஆம் வாரம் முடிவதற்குள் நான்கு அறைகளும் பிரிந்துவிடும். இந்தக் கட்டுமானம் முழுவதும் துடிப்பு ஒரு கணமும் நிற்காமல் நடக்கிறது.

மேலறைகளுக்கு நடுவே சுவர் எழும் முறை வியப்பானது. முதலில் மெல்லிய சுவர் ஒன்று இறங்குகிறது. அது அடிவரை வந்து மூடுவதற்குள் அதன் மேற்பகுதியில் வேறு துளைகள் விழுகின்றன. பிறகு அதன் வலப்புறத்தில் தடித்த சுவர் ஒன்று, நீள்வட்ட வாயிலை விட்டுவிட்டு வளர்கிறது. மெல்லிய சுவர் அந்த வாயிலுக்கு ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவாகிவிடுகிறது.

3. இரத்தம் போகும் வழி

கருவின் நுரையீரலில் இருப்பது திரவம். ஆக்சிஜன் நச்சுக்கொடியிலிருந்து தொப்புள்கொடியின் ஒரே சிரை வழியாக வருகிறது. அந்த இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு சுமார் 80 விழுக்காடு. கருவுக்குள் அதைவிடச் செறிவான இரத்தம் எங்கும் கிடையாது. அதில் ஒரு பகுதி கல்லீரலைச் சுற்றிக்கொண்டு நேரே வல மேலறைக்கு வந்து, நீள்வட்ட வாயில் வழியாக இடப்பக்கம் பாய்ந்து, இதயத் தசைக்கும் மூளைக்கும் முதலில் போய்ச் சேர்கிறது. தலையிலிருந்து திரும்பும் இரத்தமோ பெரும்பாலும் வல கீழறைக்கு இறங்கி நுரையீரல் தமனியில் நுழைகிறது. அங்கிருந்து டக்டஸ் ஆர்டீரியோசஸ் என்னும் இணைப்புக் குழாய் அதன் பெரும்பகுதியைப் பெருந்தமனிக்குத் திருப்பிவிடுகிறது. 1628இல் வெளியான தம் நூலிலேயே வில்லியம் ஹார்வி இவ்விரு வழிகளையும் விளக்கியிருக்கிறார்.

4. முதல் மூச்சு

குழந்தை மூச்செடுத்ததும் நுரையீரல் நாளங்கள் விரிகின்றன. இட மேலறைக்குத் திரும்பும் இரத்தம் பெருகி, அழுத்தம் கூடி, கதவு வாயிலோடு அழுந்துகிறது. ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு அது ஆயுள் முழுவதும் சரியாக ஒட்டுவதில்லை. பெரும்பாலோர் அதை அறியாமலே வாழ்ந்துவிடுகிறார்கள். இணைப்புக் குழாயைத் திறந்து வைத்திருந்த புரோஸ்டாகிளாண்டின், நச்சுக்கொடி பிரிந்ததும் குறைகிறது. ஆக்சிஜனும் கூட, ஓரிரு நாளில் குழாய் சுருங்குகிறது.

5. மூடினால் ஆபத்தாகும் நிலை

பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் சுருளாகப் பிரியத் தவறினால் இடம் மாறி அமைந்துவிடும். கருவில் இதனால் பெரிய கேடில்லை. பிறந்த பின்பு இரு சுற்றுகளும் தனித்தனியே ஓட, நுரையீரலில் ஏறும் ஆக்சிஜன் உடலைச் சேராது. அப்போது உயிரைக் காப்பது பழைய வழிகள்தான். வில்லியம் ராஷ்கிண்ட் 1966இல் பலூன் குழாயை மேலறைக்குள் செலுத்தி, வாயிலை இழுத்து அகலப்படுத்தும் முறையை வெளியிட்டார். இணைப்புக் குழாய் மூடாதிருக்கப் புரோஸ்டாகிளாண்டின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள்.

இப்படிப்பட்ட பல குழந்தைகள் அந்தக் குழாய் சுருங்கும்வரை நலமாகவே தெரிவார்கள். இதுதான் பெரிய இடர். ஆகவே பிறந்து ஒரு நாள் கழித்து வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் பொருத்திப் பார்க்க வேண்டும். வலது கைக்கான தமனி இணைப்புக் குழாய்க்கு முன்பே பிரிவதால், அங்கே இதயத்திலிருந்து நேரே வரும் இரத்தம் தெரியும். காலில் கலந்த இரத்தம் தெரியும். இரண்டு இடத்திலும் அளவு 95க்குக் குறைந்தாலோ, இரண்டுக்கும் இடையே 3க்கு மேல் வேறுபட்டாலோ மீண்டும் அளந்து, மாறாவிட்டால் எக்கோ எடுக்க வேண்டும். வலியில்லாத, சில நிமிட வேலை இது. குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் முன் எல்லாப் பிரசவ அறைகளிலும் நடக்க வேண்டும்.