சங்ககிரி சாலையில் முட்டை லாரியும் கோடி ரூபாய் கருவியும்

சங்ககிரி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மலைக்கோட்டையும் லாரிகளும்தான். 1805-ல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட ஊர் இது. கோட்டைக்குக் கீழே சேலத்திலிருந்து கொச்சி வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது. நாமக்கல் வட்டாரத்து முட்டைகளை ஏற்றிய லாரிகளும் இந்த வழியாகக் கேரளத்துக்குப் போவதுண்டு. இந்த முட்டைக்கும், உலகில் ஒரு சில நிறுவனங்கள் மட்டுமே தயாரித்து விற்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற ஆய்வகக் கருவிக்கும் நெருங்கிய வியாபாரத் தொடர்பு இருக்கிறது. அந்தக் கதை சுவையானது.

பொருளில் உள்ள மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் கொடுத்து, எடை வாரியாகப் பிரித்து, இன்ன பொருள் இவ்வளவு இருக்கிறது என்று சொல்வதே இந்தக் கருவியின் வேலை. இங்கிலாந்தில் ஜே.ஜே. தாம்சன் போட்ட அடித்தளத்தின் மேல் ஆஸ்டன் 1919-ல் இதைச் செம்மைப்படுத்தினார். 1922-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்போது இது விஞ்ஞானிகள் தாங்களே செய்துகொண்ட கருவி. கடையில் கிடைக்கும் சரக்கல்ல.

முதல் பெரிய சந்தை 1940களில் உருவானது. அமெரிக்க எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள்தான் முதல் வாடிக்கையாளர்கள். பிறகு மருந்து நிறுவனங்கள் வந்தன. திரவத்தில் கரைந்த மூலக்கூறுகளைச் சிதைக்காமல் கருவிக்குள் அனுப்பும் முறையை 1980களில் ஜான் பென் உருவாக்கினார். அதன் பிறகே இறைச்சி, பால், முட்டை போன்றவற்றில் உள்ள மருந்து எச்சத்தை எளிதாகத் தேட முடிந்தது.

2002-ம் ஆண்டு இந்தக் கதையில் ஒரு திருப்பம். அந்த ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் பென்னும், ஜப்பானின் ஷிமாட்சு நிறுவனப் பொறியாளர் தனாகாவும் இருந்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு விதியை வெளியிட்டது. தடை செய்த மருந்து உணவில் இருக்கிறது என்று உறுதி செய்ய, சோதனை குறைந்தது 4 அடையாளப் புள்ளிகள் பெற வேண்டும் என்று அப்போது அந்த விதி சொன்னது. இரண்டு கட்டமாக எடை பார்க்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் தாய் அயனிக்கு 1, உடைந்த துண்டு ஒவ்வொன்றுக்கும் 1.5. இரண்டு துண்டு கிடைத்தாலே 4 புள்ளி! சட்டத்தில் எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. ஆனால் எந்த வகைக் கருவி விற்கும் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

2003-ல் குளோரம்பெனிக்கால் மருந்துக்கு, சோதனை முறை கண்டுபிடித்தே ஆக வேண்டிய அளவு கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராம் என நிர்ணயிக்கப்பட்டது. இது எவ்வளவு சிறியது? ஒரு கிராம் மருந்தை ஆறரைக் கோடி முட்டைகளில் கலந்ததற்குச் சமம். அதையும் பிடித்தாக வேண்டும். 2022 நவம்பரில் எல்லை 0.15 ஆகப் பாதியானது. நன்றாக ஓடும் கருவிகூட, எல்லை இறங்கினால் பழையதாகிவிடலாம்.

வணிகவியலில் இதைப் பெறப்பட்ட தேவை என்பார்கள். கருவியை யாரும் கருவிக்காக வாங்குவதில்லை. முட்டையை விற்பதற்காக வாங்குகிறார்கள். ஈரோடு அருகே 1995-ல் தொடங்கிய எஸ்.கே.எம். எக் புராடக்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் முட்டைத்தூளை ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் அனுப்புகின்றன. அங்கே கேட்கும் சான்று இல்லாமல் ஒரு பெட்டிகூட இறங்காது. கருவியின் விலை கோடிகளில். அதோடு முடிவதில்லை. வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், வாயு, ஒப்பீட்டுக்கான தூய வேதிப்பொருள் என்று செலவு தொடரும். பிரிண்டரை ஒரு முறை வாங்கிவிட்டு ஆயுள் முழுக்க மை வாங்குவது போலத்தான். இந்தச் செலவெல்லாம் சோதனைக் கட்டணமாக மாறி, முட்டையின் கணக்கில் ஏறுகிறது.

சரி, உள்ளூரில் சாப்பிடுபவருக்கு? தமிழகச் சத்துணவில் 1989-ல் முட்டை சேர்க்கப்பட்டது. 2010 முதல் வாரத்துக்கு ஐந்து முட்டை. 2025 டிசம்பரில் முட்டையில் நைட்ரோபியூரான் எச்சம் என்ற செய்தி பரவியபோது, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் முட்டை பாதுகாப்பானதே என்று விளக்கம் தந்தது. கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் என்ற எல்லை கண்காணிப்புக்கு மட்டுமே, மருந்தைப் பயன்படுத்த அனுமதி அல்ல என்றும் சொன்னது. ஐரோப்பாவில் அதே மருந்துக்கு எல்லை 0.5.

கோழி ஒன்று, முட்டை ஒன்று, எல்லைக்கோடு மட்டும் இரண்டு. சட்டம் எங்கே கடுமையாக இருக்கிறதோ, அங்கேதான் கருவி விற்கும். வெளிநாட்டுக்காரர் தட்டுக்காக வாங்கிய கருவி, நம் ஊர்ப் பள்ளிக் குழந்தையின் தட்டையும் அதே கவனத்தோடு பார்க்கும் நாள்தான் உண்மையான வளர்ச்சி.