டூகோ: கார் பெயின்ட்டிலிருந்து கிட்டாருக்கு

இந்த எபிசோட் ஒரு சொல்லைப் பற்றியது: டூகோ.

பீரோ, கட்டில், ஸ்கூட்டர், கார் என்று எதையாவது ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கக் கொடுத்திருந்தீங்கன்னா இது உங்க காதில் விழுந்திருக்கும். "டூகோ அடிச்சிரலாம் சார், பளபளன்னு வந்துரும்"னு சொல்வாங்க. பல பெயின்டர்களுக்கு அது ஒரு வேலையின் பெயர், அவ்வளவுதான். ஆனா அது ஒரு அமெரிக்கக் கம்பெனி 1923-ல் சந்தைக்குக் கொண்டுவந்த பெயின்ட்டோட பிராண்டு பெயர். எலெக்ட்ரிக் கிட்டாரின் வரலாற்றில் பாதி இந்தச் சொல்லுக்குள்ள இருக்கு. அது எனக்குப் பிடிபட்டது ஒரு கிட்டார் கிட் மூலமா.

கிட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே கிட்டார் வடிவத்தில் அறுத்து, தேவையான இடத்தில் குழி தோண்டி, பெயின்ட் அடிக்காம விட்ட ஒரு மரப்பலகை. அதுதான் பாடி. ஃப்ரெட் இறக்கிய கழுத்து தனியா இருக்கும். பிக்கப், வால்யூம், டோன், சுவிட்ச், பிரிட்ஜ், கம்பி முறுக்க ஆறு சாவி, ஒரு பாக்கெட் ஸ்க்ரூ. கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணிப் பழகினவங்களுக்கு இந்தப் பெட்டி அந்நியமா இருக்காது. நான் பெங்களூரிலிருந்து இதைத் தூக்கிக்கிட்டு அம்மாச்சி வீட்டுக்குப் போனேன். ஊர் மார்க்கையன்கோட்டை. தேனி மாவட்டம், சின்னமனூர் பக்கம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணி பாயுற வயல், தென்னந்தோப்பு, நிமிர்ந்து பார்த்தா மேகமலை.

கம்பம் பள்ளத்தாக்கு, கிட்டார் ரெண்டையும் ஒரே வாக்கியத்தில் சொன்னா உங்க மனசு நேரா பண்ணைப்புரம் போயிடும், தெரியும். இளையராஜா ஊரும் இதே உத்தமபாளையம் தாலுகாதான். ஆனா இன்னைக்குப் பேச்சு வாசிக்கிறவங்களைப் பற்றி இல்ல; செய்யறவங்களைப் பற்றி.

கிட் வாங்கப் போறேன்னு சொன்னதும் நண்பர்கள் சொன்னது ஒண்ணுதான். "அது டூப்ளிகேட்டுடா. காசு சேர்த்து ஒரிஜினல் வாங்கு." சரி, ஒரிஜினல் எப்படிப் பிறந்ததுன்னு பார்ப்போம்.

லியோ ஃபெண்டர், 1909-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். படித்தது கணக்குப் பதிவியல். 1938-ல் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். ஊர்ப் பாட்டுக்காரர்கள் ஆம்ப்ளிஃபயரையும் கிட்டாரையும் ரிப்பேருக்குக் கொண்டுவருவார்கள். எது அடிக்கடி உடைகிறது, எதைச் சரிபண்ண நேரம் பிடிக்கிறது என்று அவருக்கு அத்துப்படி. கிட்டார் வாசிக்க மட்டும் தெரியாது. கடைசிவரை தெரியாது! 1950-ல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கிட்டாரின் பாடி, உள்ளே குடைந்து கூடாக்காத கெட்டிப் பலகை. கழுத்தைப் பசை போட்டு ஒட்டவில்லை. நாலு ஸ்க்ரூவில் மாட்டினார். பிராட்காஸ்டர் என்று பெயர் வைத்தார். வேறொரு கம்பெனி அதே உச்சரிப்பில் டிரம் விற்றுக்கொண்டிருந்ததால் 1951-ல் அது டெலிகாஸ்டர் ஆனது. 1954-ல் ஸ்ட்ராடோகாஸ்டர் வந்தது.

அந்த நாலு ஸ்க்ரூ எவ்வளவு பெரிய விஷயம்னு புரிய, தஞ்சாவூர் வீணையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்க. அதில் உசத்தி ஏகாண்ட வீணை. குடம், தண்டி எல்லாம் ஒரே பலாமரத் துண்டில் குடைந்தது. 24 மெட்டுகளை மெழுகில் பதித்து, காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றையும் நகர்த்திச் சுருதி சேர்க்கிறார்கள். மேளம் கட்டுறதுன்னு அதுக்குப் பேர். அந்தக் கை வர வருஷக்கணக்காகும். ஃபெண்டரின் கிட்டாரில் அந்த வேலையைக் கணக்கு பார்த்துக்கொள்கிறது. கம்பியின் நீளம் 648 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதை 17.817-ஆல் வகுக்க வேண்டும். வருவது சுமார் 36.4. முதல் ஃப்ரெட் அங்கே. மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது ஃப்ரெட். இப்படியே போனால் 12-வது சரியாகப் பாதியில், 324-ல் வந்து நிற்கும். நம்ம பாஷையில் ஒரு ஃபார் லூப். கழுத்து வளைந்துபோனால் அதைக் கழற்றி வேறொன்று மாட்டலாம். வீணையை விட இது சிறந்ததுன்னு நான் சொல்லவே மாட்டேன். வீணை ஒரு குருவின் கையில் பிறக்குது. இது பட்டறையில் பிறக்குது. கிட்டாகவே பிறந்த கருவி இது. ஃபேக்டரியில் மாட்டினா ஒரிஜினல், வீட்டில் மாட்டினா டூப்ளிகேட்டுன்னு நாமதான் பிரிச்சு வச்சிருக்கோம்.

மாட்டுறது சுலபம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கஷ்டம் முழுக்க ஃபினிஷிங்கில். இங்கேதான் டூகோ வருகிறது.

பழைய காலத்தில் வயலினுக்கும் கிட்டாருக்கும் மெருகேற்றியதில் அரக்குக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் பெரும்பகுதி இந்தியக் காடுகளில் பூச்சி கட்டிய அரக்கு. கிராமபோன் இசைத்தட்டும் அதே அரக்கில் செய்ததுதான். ஐரோப்பியக் கச்சேரி மேடைகள் நம்ம பூச்சியோட எச்சில்ல மின்னிக்கிட்டு இருந்ததுன்னு கூடச் சொல்லலாம். சரி, விஷயத்துக்கு வருவோம்.

பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் போட்டால் நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கும். 19-ம் நூற்றாண்டில் கண்டுபிடித்தார்கள். முதலில் அது வெடிமருந்து. கற்பூரம் சேர்த்தால் செல்லுலாய்டு: சீப்பு, பொம்மை, சினிமா ஃபிலிம். நம்ம முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' வெளியான 1931-ல் சினிமா ஓடியது இந்த நைட்ரேட் ஃபிலிமில்தான். தீப்பொறி பட்டால் போதும், பற்றிக்கொள்ளும். பழைய கிட்டார்களின் பிக்கார்டு கூட செல்லுலாய்டுதான். அதுக்குள்ள கோயில் கற்பூரம்! அதே நைட்ரோசெல்லுலோஸைத் தின்னரில் கரைத்தால் லேக்கர், அதாவது சீக்கிரம் காயும் பெயின்ட்.

டூபான்ட் கம்பெனி 1802-ல் வெடிமருந்து ஆலையாகத் தொடங்கியது. முதல் உலகப்போர் முடிந்ததும் வெடிமருந்துக்கு வாங்க ஆளில்லை. வேறு சரக்கு தேவைப்பட்டது. அவர்கள் கொண்டுவந்ததுதான் டூகோ. அதுவரை ஒரு காருக்கு வார்னிஷ் அடித்துக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். ஃபோர்டு கார் ரொம்ப வருஷம் கறுப்பு நிறத்தில் மட்டும் வந்ததற்கு ஒரு காரணம் கறுப்பு சீக்கிரம் காயும் என்பது. டூகோவோ அடித்த கையோடு காய ஆரம்பித்துவிடும். டூபான்ட் வசம் ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய பங்கு இருந்தது. அதனால் 1924 மாடல் ஓக்லாண்ட் காரில் முதலில் அடித்தார்கள், நீல நிறத்தில். அதுக்கப்புறம் ஊரெல்லாம் கலர் கார்.

ஃபெண்டர் கிட்டாருக்கென்று தனிப் பெயின்ட் எதையும் தேடவில்லை. கார் பெயின்ட் கடைக்குப் போனார்கள். அவர்களுடைய கலர் அட்டையில் இருந்தவை டூபான்ட்டின் கார் நிறங்கள். ஃபியஸ்டா ரெட் என்று இன்றைக்குக் கிட்டார் பிரியர்கள் உருகும் சிவப்பு, 1956 ஃபோர்டு தண்டர்பேர்டு காரின் நிறம். 1959-ல் லண்டனில் ஹேங்க் மார்வின் கையில் வந்த சிவப்பு ஸ்ட்ராடோகாஸ்டரைப் பார்த்து ஒரு தலைமுறையே கிறுகிறுத்துப் போனது. ரேடியோ ரிப்பேர், தச்சுவேலை, கார் பெயின்டிங் மூன்றும் ஒரே கூரைக்கு கீழ் வந்ததுதான் எலெக்ட்ரிக் கிட்டார்.

இப்போ மார்க்கையன்கோட்டைக்கு வாங்க. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூணு நாள் உப்புத்தாள் போட்டேன். 120-ம் நம்பரில் ஆரம்பித்து 320 வரைக்கும், மர ரேகை போற திசையில் மட்டும். அப்புறம் சின்னமனூர்ப் பக்கம் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை ஒன்றுக்குப் போனேன். பெயின்டர் அண்ணன் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னப்பா இது, முறம் மாதிரி இருக்கு?"

"கிட்டார்ண்ணே. பெயின்ட் அடிக்கணும்."

"டூகோ போதுமா, பி.யு. வேணுமா?"

பெங்களூரில் நாலு மாசமா இணையத்தில் நைட்ரோவா பாலியூரித்தேனா என்று சண்டையை வாசித்துக்கொண்டிருந்தவன் நான். அந்தக் கேள்வியை அவர் மூச்சு விடுற மாதிரி கேட்டார். அடுத்தது இன்னும் நல்லா இருந்தது. "என்ன சிவப்பு? மாருதி சிவப்பா, டிராக்டர் சிவப்பா?" ஃபுல்லர்டனில் 1950-களில் கேட்டிருப்பாங்களே, அதே கேள்வி.

டிராக்டர் சிவப்பு போதும்னேன்.

ஆடி மாசம். கம்பம் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும்னு அந்தப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும். ஈரப் பெயின்ட்டில் ஒரு தூசி ஒட்டினால் மறுபடி தேய்க்கணும். அதோட கேரளப் பக்கமிருந்து சாரல் வேறு. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் நைட்ரோ லேக்கர் காயும்போது பனி படர்ந்த மாதிரி வெளுத்துவிடும். தின்னர் வேகமா ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. அண்ணன் இந்த விளக்கமெல்லாம் சொல்லலை. "வெயிலு ஏறட்டும், அப்பத்தான் துப்பாக்கியத் தொடுவேன்"னார். தரையில் தண்ணி தெளித்துத் தூசியை அடக்கினார். சீலர் ரெண்டு கோட், காயவைத்துத் தேய்ப்பு. கலர் மூணு கோட், பொறுத்துப் பொறுத்து. மேலே கிளியர். ஒரே தடவையில் கனமா அடித்தால் வழியும், பிறகு வெடிக்கும். மெல்லிசா, ஒவ்வொரு கோட்டுக்கும் இடைவெளி விட்டு. ஒரு சின்ன எச்சரிக்கை: இந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது, பக்கத்தில் நெருப்பே இருக்கக் கூடாது. நல்ல மாஸ்க் இல்லாம மொட்டை மாடியில் ஸ்ப்ரே கேன் எடுக்காதீங்க.

ரெண்டு வாரம் கயிற்றில் தொங்கவிட்டுக் காயவைத்தேன். அதுக்கப்புறம் தண்ணி தொட்டு 1000, 1500, 2000 வாட்டர் பேப்பர், கடைசியா காருக்குப் போடுற ரப்பிங் காம்பவுண்டு. கூலி எவ்வளவுன்னு கேட்டேன். கிட்டாருக்குன்னு அவர்கிட்ட ரேட் கிடையாது. பைக் டேங்குக்கு வாங்குறதை வாங்கிக்கிட்டார்.

நைட்ரோ அடித்தால் மரம் 'மூச்சு விடும்', சத்தம் நல்லா வரும்னு ஒரு கூட்டம் சத்தியம் பண்ணும். கெட்டிப் பலகைக் கிட்டாரில், காந்தத்துக்கு மேல் கம்பி அதிர்ந்து சுருளில் மின்சாரம் எழுப்பும் கருவியில், மேல்பூச்சின் பங்கு என் காதுக்கு எட்டலை. நைட்ரோவின் அழகு வேறு. வருஷம் ஆக ஆக மஞ்சளாகும், விரல் படுற இடத்தில் தேயும். ரிப்பேரும் சுலபம்: புது கோட் பழைய கோட்டைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு அதோடு சேர்ந்துவிடும்.

நம்ம நாட்டில் இது ஏன் நடக்காம போச்சு? ஒரு அளவுக்கு நடந்தது. 1960, 70-களில் சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களில் பீட் குரூப்புகள் இருந்தன. சிம்லா பீட் போட்டியின் பாடல்கள் 1970, 71-ல் இசைத்தட்டாகவே வந்திருக்கின்றன. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் அது. வெளிநாட்டுக் கிட்டார் வேண்டுமென்றால் கப்பலில் வந்தவரிடம் வாங்கணும், இல்லை வெளிநாட்டுச் சொந்தக்காரர் வேணும். அது இல்லாதவர்கள் தச்சரிடம் பலகை அறுத்து, உள்ளூர் ரேடியோ மெக்கானிக்கிடம் ஆம்ப்ளிஃபயர் கட்டிக்கொண்டார்கள். அவமானமான ஏற்பாடு போல அதைப் பிறகு பேசினார்கள். இங்கிலாந்தில் பிரையன் மே 1963-ல் அப்பாவோடு சேர்ந்து பழைய அடுப்பு மாடத்துப் பலகையில் கழுத்து செதுக்கி, மோட்டார் சைக்கிள் ஸ்ப்ரிங் போட்டுச் செய்த கிட்டார் குவீன் இசைக்குழுவின் அடையாளமாச்சு. எடி வான் ஹேலன் 50 டாலர் பாடியும் 80 டாலர் கழுத்தும் வாங்கி மாட்டி, சைக்கிள் பெயின்ட் அடித்தது மியூசியப் பொருள் மாதிரி ஆச்சு. வாசிக்கவே தெரியாத ஃபெண்டரை, அவர் இறந்த மறு வருஷம், 1992-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தாங்க. அதே மூணு தொழிலும் தெரிந்தவங்க சின்னமனூர் மெயின் ரோட்டில் பக்கத்துப் பக்கத்துக் கடையில் இருக்காங்க. அவங்ககிட்ட யாரும் கிட்டாரைக் கொண்டுபோய்க் கேட்கலை. என் கணக்கில் குறை அங்கேதான்.

இன்னொன்று மரம். என் கிட்டில் விரல் பலகை ரோஸ்வுட். நம்ம ஊர்ப் பேச்சில் ஈட்டி, தோதகத்தி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம். பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதானதும் உலகக் கிட்டார் கம்பெனிகள் திரும்பியது இந்திய ரோஸ்வுட் பக்கம். மார்ட்டின் கம்பெனி 1969-ல் மாறியது. தமிழ்நாட்டில் சொந்தப் பட்டா நிலத்து ஈட்டியைக்கூட இஷ்டத்துக்கு வெட்ட முடியாதபடி 1994-ல் சட்டம் போட்டார்கள். 2017 ஜனவரியில் உலக அளவில் எல்லா ஈட்டி வகைகளின் வியாபாரத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. 2019 கடைசியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். அம்மாச்சிக்கு இதெல்லாம் தெரியாது. கழுத்தைக் கையில் வாங்கி விரல் பலகையைத் தடவிப் பார்த்து, "இது ஈட்டியாச்சே, எங்க வாங்கின?"ன்னு கேட்டுது. பெட்டியில் எழுதியிருந்த நாட்டின் பெயரைச் சொன்னேன். மலைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துட்டு அடுப்படிக்குப் போயிருச்சு.

அடுத்த எபிசோட் வயரிங். பிக்கப்பில் எத்தனை சுற்று, எர்த் இல்லாத பழைய வீட்டில் ஏன் கிட்டார் தேனீ மாதிரி ரீங்காரம் போடுது, பிரிட்ஜிலிருந்து ஒரு ஒயர் எதுக்கு. சால்டரிங் அயர்ன் இருக்கிறவங்க எடுத்து வச்சுக்கோங்க.