கொட்டியாரத்துப் புளியமரமும் சிறைப்பட்டவன் வேதநூலும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்து கிடக்கும் நிலப்பரப்புக் கொட்டியாரப்பற்று எனப் பண்டு தொட்டு வழங்கிவந்தது. வெருகலாற்றங்கரையிலிருந்து ஈச்சிலம்பற்று வழியாக வடக்கு நோக்கி வருவோர், வயலும் காடும் களப்பும் கடந்து மூதூரை அடைவர். அம்மூதூரிலே 'வெள்ளைக்காரன் மரம்' என மக்கள் பெயரிட்டழைத்த புளியமரம் ஒன்று நின்றது. 1893ஆம் ஆண்டில் அதனடியில் நினைவுக் கல் ஒன்றும் நாட்டப்பட்டது. அம்மரத்தோடு தொடர்புடைய ஒரு மனிதனின் வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அவன் பெயர் றொபேட் நொக்ஸ். பிறந்த ஆண்டு 1641. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பனியின் பணியிலிருந்த 'ஆன்' என்னும் கப்பலின் தலைவர், அதே பெயர் கொண்ட அவன் தந்தையார். தந்தையும் மகனும் 1658இல் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டனர். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினக் கடலில் எழுந்த புயல் கப்பலின் பெரிய பாய்மரத்தை இழக்கச் செய்தது. புதிய மரம் நாட்டவும், இயன்ற வணிகம் செய்யவும் கப்பல் கொட்டியாரக் குடாவுக்கு வந்து சேர்ந்தது.

அக்காலத்திலே கொட்டியாரம் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆணைக்கு உட்பட்டிருந்தது. போர்த்துக்கேயரை வெளியேற்ற ஒல்லாந்தரைத் துணைக்கழைத்த அம்மன்னன், 1656இல் கொழும்பை ஒல்லாந்தரே தமதாக்கிக்கொண்டதைக் கண்டு ஏமாற்றமடைந்திருந்தான். எனவே, ஓலையும் காணிக்கையும் அனுப்பாமல் தன் துறையிலே தங்கியிருந்த அந்நியக் கப்பலை அவன் ஐயுற்றது வியப்பன்று. 1660 ஏப்ரலில் அரசனின் திசாவை கரைக்கு வந்தான். தந்தையார் புளியமரத்து நிழலில் அமர்ந்திருந்த வேளையிலே சிறைப்பிடிக்கப்பட்டார். கரைக்கு வந்திருந்த மாலுமிகளோடு சேர்த்துப் பதினாறுபேர் அகப்பட்டனர்.

முதற் சோதனை கடற்கரையிலேயே வந்தது. கப்பலை ஆற்றினுள் கொண்டுவரும்படி மாலுமிகளுக்குச் சொல்லிவர மகன் அனுப்பப்பட்டான். அவன் கப்பலிலேயே தங்கியிருக்கலாம்; தடுப்பார் எவருமில்லை. ஆயினும், தன்னைக் கைவிடாது திரும்பி வரவேண்டும் எனத் தந்தையார் கேட்டுக்கொண்டிருந்தார், மகனும் வாக்களித்திருந்தான். பத்தொன்பது வயது இளைஞன், தன் வாக்கின் பொருட்டுப் படகேறிக் கரைக்கு மீண்டான். கப்பல் தாய்நாடு நோக்கிச் சென்றது. இவனோ கண்டி நாட்டுக் காடுகளை நோக்கி நடந்தான்.

சிறை என்றவுடன் இருட்டறையும் இரும்புச் சங்கிலியும் நம் நினைவுக்கு வருகின்றன. இராசசிங்கனின் சிறை அத்தகையதன்று. கைதிகள் ஊர்தோறும் பிரித்து விடப்பட்டனர். ஊரவரே அவர்களுக்குச் சோறிட வேண்டுமென்பது அரச கட்டளை. தந்தையும் மகனும் பண்டாரக் கொஸ்வத்தையில் வைக்கப்பட்டனர். இருவரையும் காய்ச்சல் பற்றியது. 1661 பெப்ரவரி 9ஆம் நாள் தந்தையார் இறந்தார். அடக்கஞ் செய்யத் துணை வேண்டியபோது ஊரவர், உடலைக் காட்டுக்கு இழுத்துச் செல்லக் கயிறு தர முன்வந்தனர். அதனை ஏலாத மகன், தன்னோடிருந்த சிறுவன் ஒருவனோடு, கூலிக்கு ஒருவனையும் அமர்த்தி, குழியின் பெரும்பகுதியைத் தன் கையாலேயே தோண்டித் தந்தையைப் புதைத்தான்.

துயரமும் நோயும் சூழ்ந்த அந்நாட்களில் அவனிடமிருந்தவை இரண்டு சமய நூல்களே. மீண்டும் மீண்டும் படித்து அவை மனப்பாடமாயின. ஒருநாள் அவன் மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது வழியே வந்த கிழவர் ஒருவர், அச்சிறுவனை அழைத்து, "உன் எசமானுக்குப் புத்தகம் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். கொழும்பு வீழ்ந்தபோது தமக்குக் கிடைத்த நூலொன்றை விற்க அவர் விரும்பினார். வாங்கிப் பார்த்தால் அஃது ஆங்கில விவிலியம்! அப்போஸ்தலர் நடபடிகளின் பதினாறாம் அதிகாரமே முதலிற் கண்ணிற் பட்டது. சிறைக்காவலன் ஒருவன் மீட்பின் வழியைப் பவுலிடம் வினவும் இடம் அது. சிறைப்பட்டவன் கையிலே சிறைச்சாலைக் கதை! எஞ்சியிருந்த ஒரே பொன் வராகனையும் கொடுத்துவிட அவன் துடித்தான். ஆவலைக் காட்டினால் விலை ஏறும் எனச் சிறுவன் எச்சரித்தான். இறுதியிற் பின்னல் தொப்பி ஒன்றுக்கு அந்நூல் கைமாறியது.

இதன் பின்னரே அவனுக்கு உண்மையான சோதனை தொடங்கிற்று. துன்பம் மனிதனைக் கடவுளிடம் நெருக்கலாம். இன்பமோ மெல்ல மெல்ல மறக்கச் செய்யும். ஆண்டுகள் செல்லச் செல்லக் கைதிகளிற் பலர் விடுதலையை மறந்தனர். அந்நாட்டுப் பெண்களை மணந்தனர். சிலர் அரசசேவையிற் புகுந்தனர். நொக்ஸ் தொப்பி பின்னினான், பன்றியும் கோழியும் வளர்த்தான், ஊரூராய்ப் பண்டம் விற்றான். கண்டிக்கு அண்மையில் எலதெத்த என்னுமிடத்தில் நிலம் வாங்கி, மூன்று தோழரோடு வீடமைத்தான். மணம் புரிவோர் அவ்வீட்டை விட்டு நீங்க வேண்டும் என்பது நால்வரின் உடன்படிக்கை. இருவர் மனம் மாறிப் பிரிந்தனர். நொக்சும் ஸ்டீபன் றத்லண்டும் மட்டுமே எஞ்சினர். மணம் பாவமென்று அவன் கருதினான் அல்லன்; மனையும் மக்களும் அமைந்தபின் தப்பியோடக் கால் எழாது என்பதையே உணர்ந்திருந்தான்.

அரசன் அவனைத் தன் சேவைக்கு அழைத்தபோது, தந்தையை இழந்த துயரால் அப்பணிக்குத் தாம் தகுதியற்றவர் எனப் பணிவாகக் கூறி விலகிக்கொண்டான். அச்சேவையிற் பதவியும் பரிசும் இருந்தன, ஆபத்தும் இருந்தது. பீங்கான் பாத்திரம் ஒன்றை உடைத்துவிட்ட ஆங்கில ஊழியன் ஒருவன், அரசனின் சினத்துக்கஞ்சி விகாரையிற் புகலிடம் தேடிய நிகழ்ச்சியை நொக்ஸ் எழுதியிருக்கிறான். எனவே அவன் மறுப்பிலே பக்தியோடு விவேகமும் கலந்திருந்தது.

1679 செப்டெம்பர் 22ஆம் நாள் பண்டம் விற்பார் போல நொக்சும் றத்லண்டும் வடதிசை நோக்கிப் புறப்பட்டனர். அநுராதபுரம் கடந்து, மல்வத்து ஓயாக் கரையோரக் காட்டினூடே யானைகளுக்கும் மனிதருக்கும் அஞ்சி நடந்து, அக்டோபர் 18ஆம் நாள் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். அப்போது நொக்சுக்கு வயது முப்பத்தெட்டு. அவன் எழுதிய இலங்கை வரலாறு 1681இல் இலண்டனில் வெளிவந்தது. கண்டி நாட்டு மக்களின் உழவையும் வழக்கத்தையும் அந்நூலளவு விரிவாகக் கூறும் அக்கால ஆங்கில நூல் பிறிதில்லை.

இத்துடன் நிறுத்தினால் நல்லதொரு நீதிக்கதை நமக்குக் கிடைத்துவிடும். ஆனால் வரலாறு அவ்வாறு முடியவில்லை. நாடு திரும்பிய நொக்ஸ் கப்பற்றலைவனானான். பின்னர் மடகஸ்காரிலே அடிமைகளை வாங்கிச் சென்று ஹெலேனாத் தீவிற் சேர்க்கும் பணியையும் மேற்கொண்டான். பத்தொன்பது ஆண்டுகள் அந்நியன் ஒருவனின் விருப்பத்துக்குக் கட்டுண்டு வாழ்ந்தவன், பிற மனிதரைக் கப்பலடியிற் கட்டிச் செல்லக் கூசவில்லை! வறுமையிலும் தனிமையிலும் அவனைக் காத்த வேதநூல், ஆதாயம் எதிர்ப்பட்ட வேளையில் அவன் கையைத் தடுக்கவில்லை.

இதனால் அவன் முன்பு காட்டிய உறுதி பொய்யாகிவிடுமா? ஆகாது என்றே நினைக்கிறேன். தந்தைக்குத் தந்த வாக்கும், எலதெத்தயில் நோற்ற நோன்பும் மெய்யே. ஆனால் ஒரு சோதனையை வென்றவன் எல்லாச் சோதனைகளையும் வென்றவன் ஆகான். அடையாளம் தெரிந்து வரும் சோதனையை எதிர்த்து நிற்கலாம். ஊரார் எல்லாரும் செய்யும் தொழிலென்ற கோலத்தில் வரும் சோதனையை அறிந்துகொள்வதே அரிது.

நொக்ஸ் 1720இல் காலமானான். நேயர்களே, கொட்டியாரக் குடாவின் கரைவழியே நீங்கள் செல்ல நேரின், தந்தைக்குத் தந்த வாக்குக்காகத் திரும்பி வந்த அந்த இளைஞனை நினைத்துக்கொள்ளுங்கள். மடகஸ்காரில் விலைபேசி நின்ற கப்பற்றலைவனையும் மறவாதிருங்கள். இருவரும் ஒருவரே.