பித்தத்தில் தொடங்கிய சொட்டு

1929 ஏப்ரல். அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் டாக்டர் பிலிப் ஹென்ச்சிடம் 65 வயது நோயாளி ஒருவர் வந்தார். அவரும் டாக்டர்தான், முடக்குவாதக்காரர். மஞ்சள் காமாலை வந்த மறுநாளே மூட்டுவலி குறையத் தொடங்கிவிட்டது என்றார். ஒரு நோய் இன்னொரு நோயை விரட்டுமா?

காமாலையில் ரத்தத்தில் ஏறுவது பித்தம். மருந்து அதில்தான் ஒளிந்திருக்கிறது என்று நம்பிய ஹென்ச், முடக்குவாதக்காரர்களுக்குப் பித்த உப்பைக் கொடுத்தார். காமாலைக்காரர்களின் ரத்தத்தைக்கூட ஏற்றிப் பார்த்தார். பலிக்கவில்லை. கர்ப்பிணிகளுக்கும் வலி தணிவதைக் கண்டபின் பித்தத்தைக் கைகழுவினார். பெயர் தெரியாத அந்தப் பொருளுக்கு ‘எக்ஸ்’ என்று பெயரிட்டுத் தேடலானார். அது இருந்ததோ அடுத்த ஆய்வகத்தில்!

அங்கே எட்வர்ட் கெண்டல் மாட்டு அட்ரினல் சுரப்பிகளிலிருந்து பல சேர்மங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவற்றில் ‘ஈ’ என்ற சேர்மத்தைச் சோதிப்பதென்று 1941இல் இருவரும் முடிவெடுத்தார்கள். ஆனால் ஒரு நோயாளிக்குக்கூடப் போதாத அளவுதான் கையில் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு போர்க்கால வதந்தி. ஜெர்மன் விமானிகள் அட்ரினல் சாறு ஏற்றிக்கொண்டு வெகு உயரத்தில் பறக்கிறார்களாம். அமெரிக்க அரசு பதறி, இந்த ஆராய்ச்சியை முடுக்கிவிட்டது. 1944இல் மெர்க் நிறுவனத்தின் லூயிஸ் சாரெட் ‘ஈ’யைச் செயற்கையாகச் செய்தே விட்டார். மூலப்பொருள் எது தெரியுமா? ஹென்ச் கைகழுவிய அதே பித்தம், மாட்டுப் பித்தம்.

1948 செப்டம்பர் 21. படுக்கையில் புரளவும் முடியாத 29 வயதுப் பெண்ணுக்கு ‘ஈ’யின் முதல் ஊசி. ஒரே வாரத்தில் அவர் கடைவீதியில் மூன்று மணி நேரம் சுற்றிவந்தார். ‘ஈ’ கார்ட்டிசோன் என்ற மருந்தாகப் பிறந்துவிட்டது, 1950இல் நோபலும் வந்தது. கண் டாக்டர்களுக்கும் ஆசை பிறந்தது.

அதுவரை கண்ணுக்குள் அழற்சி கண்டால், செத்த டைஃபாய்டு கிருமியை ஊசியில் ஏற்றிக் காய்ச்சல் வரவழைப்பார்கள். உடம்பு தளர்ந்த முதியவருக்கு அது எப்பேர்ப்பட்ட தண்டனை! 1950இல் பால்டிமோரின் ஆலன் வுட்ஸ் போன்றவர்கள் கார்ட்டிசோனைக் கண் நோய்களில் சோதித்தார்கள். சொட்டாக விட்டாலே கண்ணின் முன்பகுதி அழற்சி அடங்கியது. அந்தப் பூரிப்புக்கு நடுவே புது ஆபத்து தலைகாட்டியது. நீண்ட நாள் விட்டால் கண் அழுத்தம் ஏறியது, புரையும் விழுந்தது.

1955இல் வந்த வாரிசு, பிரெட்னிசலோன். கண்புரை அறுவைக்குப்பின் பாட்டிகள் தலைமாட்டில் வைத்திருக்கும், குலுக்கினால் பால்போல் வெளுக்கும் அந்தச் சின்னப் புட்டி இதுதான். முதல் வாரம் ஆறு வேளை, அடுத்த வாரம் நாலு என்பதுபோல் சீட்டில் இறங்குமுகமாக எழுதித் தருவது, சட்டென்று நிறுத்தினால் அழற்சி திரும்பிவிடும் என்பதாலும், அந்தப் பழைய ஆபத்தை மனதில் வைத்தும்தான். அடியில் படிந்த மருந்து கலக்கும்வரை பேரன் புட்டியைக் குலுக்குகிறான்; பாட்டி அண்ணாந்து, கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடித்துக்கொள்கிறாள்.